கழற வேண்டிய கயிறு

பஸ்ஸை விட்டு நூறு அடி தள்ளி வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கண்டியிலிருந்து வத்தேகமைக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவின் நடுவில், சிவப்பு பஸ் முன்பக்கம் புகைவிட்டபடி நின்றது. மற்றவர்கள் வீதியோரம் குந்தியிருந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூன்று சக்கர இரும்பு வண்டியை மடக்கித் தலையில் வைத்து, பட்ட மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் ஏறும்போதே அந்த வண்டியைப் பார்த்து நடத்துநர் சிங்களத்தில் ஏதோ கேட்டிருந்தார். பஸ்ஸே சிரித்தது. பக்கத்து இருக்கைப் பெண் எனக்குத் தமிழில் சொன்னார்: "நோயாளிய எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு கேக்குறாரு." நோயாளி வத்தேகமையில் காத்திருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றுபோனால் முதலில் டிரைவரைத் திட்டுவோம், பிறகு அரசாங்கத்தை. இங்கே இறங்கி நிழல் தேடினார்கள், அவ்வளவுதான்.

அது நோயாளி வண்டி இல்லை. தரையை ஒட்டி ஓர் இருக்கை, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. எஞ்சின் கிடையாது. உட்கார்ந்து, இடுப்பில் ஒரு பெரிய பட்டத்தைக் கொளுவிக்கொண்டால் காற்று இழுத்துக்கொண்டு போகும். கால்களால் முன்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் இந்த விளையாட்டைச் சொல்லித்தரும் முகாமில் இரண்டு வருடம் எடுபிடியாக இருந்தேன். அதற்கு முன் உப்பளம், லாரி, தோணியில் சமையல். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. முகாமை மூடும்போது முதலாளி இந்த வண்டியை இலங்கையில் ஒருவருக்கு விற்றார். கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும் என்றார். பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

வாங்கியவர் பெயர் ஃபாயிஸ். முப்பது வயதிருக்கும். ஓமானில் ஒரு கடற்கரை விடுதியில் பட்டங்களைக் கழுவி ஒட்டுப்போடும் வேலை பார்த்து, ஓய்வு நேரத்தில் ஓட்டவும் கற்றுக்கொண்டவர். ஊர் திரும்பி இரண்டு வருடமாக வாப்பாவின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் வண்டியைத் தலையில் சுமந்து வருவதைக் கடை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு ஓடிவந்தார். என்னை விட்டுவிட்டு வண்டியைத்தான் முதலில் கட்டிப்பிடித்தார்.

"எனத்துக்கு நடந்தீங்க? ஒரு போன் கோல் எடுத்தா நான் வாறதானே!" என்று அதட்டியவர் அவருடைய அக்கா. ராத்தா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். பெருத்த உடம்பு, உரத்த குரல். அந்த வீட்டில் கடைசிச் சொல் அவருடையது.

சாப்பாடு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், கோழிக்கறி. எங்கள் பக்கம் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற விஷயம். சம்பந்தி வீட்டாருக்கு இன்னொரு கரண்டி கிடைக்குமா என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவார்கள். இங்கே சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் சட்டி நிறைய வைத்திருந்தார்கள். "வெக்கப்பட வாணாம், ஊத்துங்க" என்றார் ராத்தா. வெட்கப்படவில்லை.

சாப்பிட்ட பிறகு கூடத்தில் மூட்டையைப் பிரித்தோம். பட்டம் இருந்தது, மஞ்சளும் கறுப்புமாக. நூல்கள் இருந்தன. கைப்பிடி இருந்தது. இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் ஹார்னஸ் இருந்தது. லீஷ் என்கிற பாதுகாப்புக் கயிறு இல்லை. அதன் தலைப்பு மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, சிவப்புப் பிடியோடு ஹார்னஸ் வளையத்தில் தொங்கியது. மீதியை யாரோ அறுத்திருந்தார்கள். முகாம் நாயின் கழுத்தில் கறுப்புப் பட்டை ஒன்றைப் பார்த்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. அதைச் சொல்லவில்லை.

"இது இல்லாம ஓட்டேலாது" என்றார் ஃபாயிஸ். முகம் விழுந்துவிட்டது.

அவர் சொன்னது சரி. இந்த விளையாட்டில் ஆளைப் பட்டத்திடமிருந்து விடுவிக்க இரண்டு வழி. முதல் வழி, கைப்பிடி நடுவில் உள்ள கொக்கியைத் தள்ளுவது. தள்ளினால் பட்டம் இடுப்பை விட்டுவிட்டு லீஷ் என்ற ஒற்றைக் கயிற்றில் தொங்கும். காற்றைப் பிடிக்க முடியாமல் ஈரத்துணி போலத் தரையில் சரிந்துவிடும். பெரும்பாலும் அதுவே போதும். நூல் எங்காவது சிக்கி, பட்டம் சரியாமல் இழுத்துக்கொண்டே போனால்தான் இரண்டாவது வழி. லீஷின் தலைப்பில் உள்ள சிவப்புப் பிடியை இழுத்தால் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை பிரிந்து, கயிறே ஹார்னஸை விட்டுப் போய்விடும். பட்டம் போகட்டும், ஆள் மிஞ்சுவார். முதல் வேலைக்கு அந்தக் கயிறு பிடிக்க வேண்டும். இரண்டாவது வேலைக்கு அதுவே விட வேண்டும்.

இதை நான் ராத்தாவிடம் விளக்கினேன். அவர் பாதிதான் கேட்டார்.

"ஓமான்ல பறந்தா யாருக்குத் தெரியும்? இங்க பறந்தா உம்மாக்கு நான்தானே பதில் சொல்லணும். எனக்கு அதெல்லாம் தெரியா. கழறாத கயிறா ஒண்டு கட்டுங்க."

மறுநாள் ஃபாயிஸின் மோட்டார் சைக்கிளில் கெலிஓயாவுக்குப் போனோம். கண்டி நகரத்தைக் கடக்கவே முக்கால் மணி நேரம். ஏரியைச் சுற்றி வாகனங்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன, ஆனால் ஹார்ன் சத்தம் எங்கள் ஊரில் பாதிகூட இல்லை. வழியில் ஒரு கடையில் மீன் வைத்த பாண் என்கிற ரொட்டி தின்றோம். முக்கோணமாக, சூடாக, உள்ளே மிளகுக் காரம். ஒன்று தின்பதற்குள் இன்னொன்று கேட்டேன்.

கெலிஓயாவில் குஷன் கடை வைத்திருந்தார் மாரிமுத்து. தோட்டத்திலிருந்து இறங்கி வந்து டவுனில் தொழில் பிடித்தவர். என் வயதுதான், என்னைப் போல இரண்டு பங்கு எடை. கடை முழுக்க ஆட்டோ இருக்கைகள், ஆட்டோக் கூரைகள், வேன் சீட்டு உறைகள், பிய்ந்த பள்ளிக்கூடப் பைகள். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கிழிந்தோ கழன்றோ வாய் பிளந்து கிடந்தது. நடுவில் கறுப்பு மெஷின். அதன் ஊசி ஆணி மாதிரி இருந்தது.

"சொல்லுங்க, என்னா வேணும்?" என்றார்.

புதிதாக வாங்கிய நைலான் பட்டையையும் பழைய தலைப்பையும் கொடுத்தேன். இரண்டையும் இணைக்க வேண்டும், மறுமுனையில் இரும்புக் கொக்கி தைக்க வேண்டும். ஒரு ஆளின் மொத்தப் பாரமும் இதில்தான் வரும், இது கழன்றால் ஆள் போய்விடுவான் என்றேன். அப்போது பார்த்து ஃபாயிஸின் போன் அடித்தது. ராத்தா. ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "மாரிமுத்து அண்ணன், எந்த இடத்துலயும் கழறக் கூடா, கேட்டிச்சா?" என்றார்.

"நீங்க பயப்புடாதீங்க. நான் தச்சா நானேதான் பிரிக்கணும்" என்றார் மாரிமுத்து போனைப் பார்த்து.

அப்படியே என் பையையும் கொடுத்தேன். நீலக் கித்தான் பை. முன்பக்க அறையின் மூடி ஒட்டாமல் எந்நேரமும் திறந்து கிடந்தது. "இதுவும் திறந்துகிட்டே இருக்கு" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே பாஸ்போர்ட்டும் ஃபாயிஸ் வீட்டு நம்பர்கள் எழுதிய காகிதமும் இருந்தன. "இருக்கட்டும், உள்ள இருக்கறது பத்திரமா இருக்கும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் இரண்டும் தயாராக இருந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். கயிறு பார்க்க அவ்வளவு அழகு. இரட்டைத் தையல், பெட்டித் தையல், மூலைக்கு மூலை குறுக்குத் தையல். கம்பெனியில் வந்ததுகூட அப்படி இருந்ததில்லை. மாரிமுத்து கயிற்றைக் கடையின் கூரைக் குழாயில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். குழாய்தான் முனகியது. பிறகு ஃபாயிஸ் தொங்கினார். பிறகு நான். மூன்று பேரும் முறை வைத்துத் தொங்கியதைப் பார்த்து எதிர்க் கடைக்காரர் சிங்களத்தில் சத்தம் போட்டார். சர்க்கஸ் டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டதாக ஃபாயிஸ் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை தெல்தெனியப் பக்கம் போனோம். ராத்தாவும் சோற்றுச் சட்டியோடு கூட வந்தார். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் வெளுத்த படுகையாகக் கிடந்தது. மண் காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தாலும் கெட்டியாக இருந்தது. தண்ணீரில் மூழ்கியிருந்த பழைய ஊரின் சுவர் அடிகள் அங்கங்கே தெரிந்தன. செத்த மரங்கள் நாலைந்து நின்றன. கடற்கரையை விட்டால் இவ்வளவு சமமான இடத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடிக்காதது காற்று. கடல் காற்று ஒரே திசையில் ஒரே பலத்தில் வரும். மலைக் காற்று அப்படியில்லை. வரும், நிற்கும், திடீரென்று தள்ளும்.

"ரெண்டு மணிக்குப் பொறகுதான் வரும். ஒரு கிழமையா பாத்து வச்சீக்கேன்" என்றார் ஃபாயிஸ்.

லீஷை நானே மாட்டினேன். முகாமில் சிலர் அதை முதுகுப்புற வளையத்தில் மாட்டிக்கொள்வார்கள். அது தப்பு. ஆள் குப்புற விழுந்து இழுபடும்போது கை முதுகுக்கு எட்டாது. இடுப்பின் இடது பக்க வளையத்தில் மாட்டினேன். வலது கை கொக்கியைத் தள்ளும், இடது கை சிவப்புப் பிடியைத் தேடும். கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் தொடச் சொன்னேன். ஃபாயிஸ் பத்துத் தடவை தொட்டார். பத்தும் சரி. மறுமுனைக் கொக்கியைக் கைப்பிடியின் கீழ் வளையத்தில் கொளுவினேன். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. என் வேலை முடிந்தது.

வேலை முடிந்த இடத்தில் நிற்க எனக்குக் கால் கூசும். ராத்தா மதியச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். மேலே ஹுன்னஸ்கிரிய வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லி விடைபெற்றேன். ஒரு சோற்றுப் பார்சலைக் கையில் திணித்தார். படுகையைக் கடந்து வீதிக்கு ஏறி, வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, வீதியோரம் ஒரு தேத்தண்ணிக் கடை. மாடியில் ஓர் அறை வாடகைக்கு என்று பலகை தொங்கியது. அங்கே இறங்கினேன். பால் சேர்க்காத ப்ளேன்டீயும் ஒரு துண்டுக் கித்துள் பனைக் கருப்பட்டியும் தந்தார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். நம் ஊரில் கருப்பட்டியைக் காப்பிக்குள்ளே போட்டுக் கரைத்துவிடுகிறோம். தனியாகக் கடித்தால் இரண்டு ருசி கிடைக்கிறது. இரண்டு நாள் இங்கேயே இருக்கலாம் போலிருந்தது. அறையைக் கேட்டேன். கடைக்காரர் பாஸ்போர்ட் கேட்டார்.

பையின் முன் அறையைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. மூடியை இழுத்தேன். அசையவில்லை. குனிந்து பார்த்தபோது, மூடியின் மூன்று பக்கமும் இரட்டை வரிசையில் தைக்கப்பட்டிருந்தது. நீலத் துணிக்கு நீல நூல். தடவிப் பார்த்தால்தான் தெரிந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. திறந்துகொண்டே இருக்கிறது என்றேன், மனிதர் மூடிவிட்டார். கடைக்காரரிடம் கத்தி கேட்டேன். தேநீருக்கு எலுமிச்சை நறுக்கும் சின்னக் கத்தியைக் கொடுத்தார். ஒரு தையல், இரண்டு தையல் என்று அறுத்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினேன்.

பையின் மூடியில் இருந்தது தேய்ந்த ஒட்டுப்பட்டை. லீஷின் சிவப்புப் பிடிக்குக் கீழே இருப்பதும் ஒட்டுப்பட்டைதான். சிவப்புப் பிடிக்கு என்ன நிற நூல் போட்டிருப்பார் என்று யோசித்தேன். சிவப்புதான் போட்டிருப்பார்.

மூன்று பேர் தொங்கினோம். காலையிலும் இழுத்துப் பார்த்தேன். பிடியைத் தொடச் சொன்னேனே தவிர, இழுக்கச் சொல்லவில்லை. மணி ஒன்றே கால்.

மிச்சத் தையலைக் கிழித்து நம்பர் காகிதத்தை எடுத்தேன். என் போன் இந்த நாட்டில் வேலை செய்யாது. கடைக்காரர் தன் போனில் அடித்தார். ஃபாயிஸின் போன் அணைத்திருந்தது. ராத்தாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டு நம்பரில் எடுத்த உம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் சலாம் சொல்லி வைத்துவிட்டேன்.

வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் பெயர் சந்திரன், பக்கத்துத் தோட்டத்துக்காரர். பின்சீட்டில் அவருடைய அத்தை, மடியில் ஒரு பலாக்காயோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அத்தே, நீ எறங்கு. அப்புறம் வந்து ஏத்திக்கிறேன்" என்றார் சந்திரன்.

"நான் ஏன்டா எறங்கணும்? நானும் வாறேன். ஒரு ஆளு கூடுனா ஒத்தாசைதானே?"

"நீயும் பலாக்காயுமா சேந்தா ரெண்டு ஆளு அத்தே."

"பேசாம ஓட்டுடா. அந்தத் தம்பி மொகத்தப் பாரு, செவுரு மாதிரி வெளுத்துப் போயிருக்கு."

நான் அத்தைக்குப் பக்கத்தில் இடுங்கி உட்கார்ந்தேன். பலாக்காயின் முள் விலாவில் குத்தியது. முதல் இறக்கத்திலேயே சந்திரன் எஞ்சினை அணைத்துவிட்டார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது.

"ஏங்க, உயிர் போற அவசரம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற நேரமா இது?" என்றேன்.

"அண்ணே, கியர்ல போனா இன்னும் மெதுவாத்தான் போகும். இந்த ரோட்டுல இதுதான் வேகம். கம்பியப் புடிச்சுக்குங்க."

அவர் சொன்னது உண்மை. கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்டோ ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. அத்தை ஒவ்வொரு வளைவிலும் முருகனைக் கூப்பிட்டார். நேர்ப்பாதை வந்ததும் என்னை விசாரித்தார். கல்யாணம் ஆச்சா, இல்லையா, ஏன் இல்லை, அம்மா இருக்கிறாரா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பதில் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அந்த இறக்கத்தைத் தாங்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

கடைசி வளைவில் படுகை தெரிந்தது. மஞ்சள் பட்டம் மேலே நின்றது. காற்று முன்கூட்டியே வந்துவிட்டது.

படுகையின் விளிம்பு வரை ஆட்டோ இறங்கியது. அங்கிருந்து ஓடினேன். மண் ஓடுகள் காலடியில் நொறுங்கின. ஃபாயிஸ் வண்டியில் உட்கார்ந்து குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் ஓட்டினார். வளைத்துத் திருப்பும்போது பின்னால் புழுதி விசிறி போல எழுந்தது. இரண்டு வருடம் ஆணி நிறுத்த மனிதன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிறுத்து, நிறுத்து என்று கத்தினேன். காற்று என் சத்தத்தை எனக்கே திருப்பித் தந்தது. ராத்தா குடையைப் பிடித்துக்கொண்டு பழைய சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்துக் கையசைத்தார், சாப்பிட வந்துவிட்டேன் என்று நினைத்து.

நூறு அடி இருக்கும்போது அந்தத் தள்ளுகாற்று வந்தது. ராத்தாவின் குடை மேல்நோக்கி மடங்கியது. வண்டி ஒரு பக்கம் எழுந்து கவிழ்ந்தது, ஃபாயிஸ் மண்ணில் விழுந்தார். விழுந்த கணமே வலது கை சரியாகக் கொக்கியைத் தள்ளியது. பட்டம் இடுப்பை விட்டது, லீஷுக்குப் போனது. சரிய வேண்டும். சரியவில்லை. ஒரு நூல் பட்டத்தின் முனையில் சுற்றிக்கொண்டது. பாதி மடங்கிய பட்டம் தரைக்கு மேலே சுழன்று சுழன்று இழுத்தது. ஃபாயிஸ் குப்புறக் கிடந்தபடி போக ஆரம்பித்தார். வேகம் அதிகமில்லை, ஒரு மாடு இழுக்கிற வேகம்தான். போகிற திசையில் பழைய வீட்டின் கல் அடித்தளம் இருந்தது.

இடது கை சிவப்புப் பிடியைக் கண்டுபிடித்தது. இழுத்தார். மறுபடி இழுத்தார். மாரிமுத்துவின் தையல் மாரிமுத்து சொன்ன மாதிரியே நின்றது.

எனக்கு முன் ராத்தா போய்ச் சேர்ந்தார். அந்த உடம்போடு அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. தம்பியின் ஹார்னஸைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, மண்ணில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இழுப்பு நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது. இரண்டு பேரும் புழுதியில் வழுக்கிக்கொண்டு போனார்கள். "யா அல்லாஹ், கழட்டுடா, கழட்டுடா!" என்று கத்தினார். "கழறுதில்ல ராத்தா!" என்று ஃபாயிஸ் கத்தினார்.

அப்போதுதான் என் கையில் எலுமிச்சைக் கத்தி இருப்பதைக் கவனித்தேன். கடையிலிருந்து ஆட்டோ, ஆட்டோவிலிருந்து படுகை, வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். அத்தை அதைப் பார்த்தும் பயப்படாமல் கல்யாணம் பற்றி விசாரித்திருக்கிறார். பாய்ந்து விழுந்து லீஷைப் பிடித்து, வளையத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கத்தியை வைத்தேன். விறைத்து நின்ற பட்டை என்பதால் இரண்டு இழுப்பில் அறுந்தது. பட்டம் கைப்பிடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடி, ஒரு செத்த மரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது.

கல் அடித்தளம் பத்தடி தூரத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் மண்ணில் கிடந்தோம். ஃபாயிஸின் முழங்கை இரண்டும் தோல் உரிந்து, மூக்கில் மண். கையைக் காலை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் ஆடியது. ராத்தா அவர் முதுகில் இரண்டு அடி வைத்தார்; பிறகு அதே முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். நான் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தேன். வெறும் வானம். அதில் ஒன்றும் பறக்காதது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அத்தையும் சந்திரனும் வந்து சேர்ந்தார்கள். "எந்திரிங்க தம்பி, எல்லாரும் முழுசா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தை எங்களை எண்ணினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பையையும் காட்டினேன். அறுந்த தலைப்பை எடுத்து மூவரும் பார்த்தோம். சிவப்புப் பிடியைச் சுற்றி சிவப்பு நூல். நகத்தால் கீறினால்தான் தெரிந்தது. தப்பு என்னுடையது, அந்த மனிதரிடம் பாதியைத்தான் சொன்னேன் என்றேன்.

"என்ட பிழையும் ஈக்கி" என்றார் ஃபாயிஸ். "ஓமான்ல ஒவ்வொரு நாளும் இழுத்துப் பாத்துட்டுத்தான் ஏறுவோம். இண்டைக்கு சந்தோஷத்துல மறந்துட்டேன்."

"மூணு ஆம்பிளையள் கயித்துல தொங்கிப் பாத்தீங்க" என்றார் ராத்தா. "ஒருத்தனுக்கும் கழட்டிப் பாக்கத் தோணல்லயா?" அவரே தொடர்ந்து, "கழறக் கூடான்னு போன்ல கத்தினதும் நான்தான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சோற்றுச் சட்டியைத் திறந்தார். ஆறு பேருக்கான சோறு. ஐந்து பேர் மிச்சம் வைக்காமல் தின்றோம். சோற்றோடு சேர்ந்து பல்லில் மண் கடிபட்டது. யாரும் குறை சொல்லவில்லை. கத்தியை மேலே கடைக்காரரிடம் சேர்க்கும் பொறுப்பைச் சந்திரன் ஏற்றுக்கொண்டார். அதற்குள் நான் திருடன் ஆகியிருப்பேன் என்று அத்தை சிரித்தார்.

அன்று வத்தேகமையில் பத்து மணி நேரம் தூங்கினேன்.

மறுநாள் காலை, முழங்கையில் கட்டுப்போட்ட ஃபாயிஸ் பின்னால் உட்கார, நான் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனேன். மாரிமுத்து அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். கட்டைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"என் தையலு வுட்டுருச்சா?"

"விடல அண்ணன். அதுதான்" என்றார் ஃபாயிஸ்.

முழுவதையும் சொன்னோம். தலைப்பை வாங்கிச் சிவப்புப் பிடியைப் பார்த்தார். என் பையையும் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட வர்றதெல்லாம் கழண்டதாலதான் வருது. கழறணும்னு ஒரு சாமான் இதுவரைக்கும் வந்ததில்ல. இது லேசா இழுத்தாலே பிரியிற மாதிரி இருந்திச்சு. ஆளு உயிருன்னு சொன்னீங்க. சும்மா வுட மனசு வரல." பையை எடுத்து மடியில் வைத்தார். "உங்க பை… எங்க ஆளுக இந்தியாவுக்குப் போறப்ப பாஸ்போட்ட பையில வச்சு வாயத் தச்சிருவாங்க. எங்க அம்மாவும் அப்புடித்தான் போயிட்டு வந்தாங்க. ஊருக்குப் போயி பிரிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

ஃபாயிஸ் புதுப் பட்டையை மேசையில் வைத்தார். மாரிமுத்து அதைத் தொடவில்லை. முதலில் இது எப்படிக் கழறும் என்று காட்டச் சொன்னார். ஹார்னஸை அவர் இடுப்பிலேயே கட்டினேன். அவர் சுற்றளவுக்கு வார் எட்டவில்லை, ஒரு கயிறு போட்டுக் கட்டினோம். மாட்டிக் காட்டினேன், கழற்றிக் காட்டினேன். பிடியைச் சுற்றியிருந்த சிவப்புத் தையலை அவரே பிளேடால் எடுத்தார். புதுப் பட்டையைத் தைத்தார். பிடிக்க வேண்டிய இடத்தில் நாலு வரிசை. பிடியைச் சுற்றி ஒரு நூலும் இல்லை. பிறகு கூரைக் குழாயில் மாட்டித் தொங்கினார். தொங்கியபடியே இடது கையால் சிவப்புப் பிடியை இழுத்தார். தரையில் பொத்தென்று விழுந்தார். எதிர்க் கடைக்காரர் கைதட்டினார்.

"இப்ப சரி" என்றார் மாரிமுத்து, கீழே உட்கார்ந்தபடியே.

ஃபாயிஸ் அதை வாங்கிக்கொண்டு, மெதுவாக ஓட்டிப் போய்விடுவேன் என்று கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். மறுபடி ஒரு வீட்டில் விருந்தாளியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் இருக்கப் போகிறேன், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று மாரிமுத்துவிடம் கேட்டேன்.

என் கையைப் பார்த்தார். மூலையில் குவிந்திருந்த வேன் சீட்டுகளைக் காட்டினார்.

"தைக்க நான் இருக்கேன். பழைய தையலப் பிரிக்கத்தான் ஆளு கெடைக்கல. எல்லாரும் துணியச் சேத்துக் கிழிச்சுர்றாங்க. துணி கிழியாமப் பிரிக்க முடியுமா?"

முடியும் என்றேன். சாப்பாடும் கடைக்குப் பின்னால் படுக்க இடமும் என்று பேசிக்கொண்டோம். ஒரு பிளேடைப் பாதியாக உடைத்து, துணி சுற்றிக் கையில் கொடுத்தார். ஒரு சீட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தையலின் முடிச்சைத் தேட ஆரம்பித்தேன்.